தண்டமும் பக்குவமும்

மாந்தர் ஒழுக்கத்தைத் திருத்தும் உரிமை அரசுக்கு உண்டோ, உண்டெனின் அஃது எவ்வளவிற்று, அதனைச் செலுத்தும் நெறி யாது என்னும் வினா இக்காலத்துப் புதிதாய் எழுந்ததன்று. நம் சாத்திரங்களுள் அதற்கு விடை உண்டு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தில், இறைவன் உயிர்களைத் தண்டித்தலும் கருணையேயாம் என நிறுவுமிடத்து, சொற்கேளாத புதல்வரை ஈன்றோர் ஒறுத்துத் திருத்துதலை முதற்கண் காட்டினார். அரசனது தண்டத்தையும் அவ்வினத்திலேயே வைத்து ஓதினார். அரசன் தண்டஞ்செய்தல் ஈசனது அருளின்வழி நின்று செய்வதேயாம். அதனால் தீயோர் பின்னர் நன்னெறிக்கண் ஒழுகுவர். ஒழுகவே நிரயத் துன்பத்தினின்று நீங்குவர் என்பது அவ்விடத்துக் கருத்து.

இக்கருத்தை மேற்போக்காகக் கற்பார், அரசு இடுந் தடையெல்லாம் அருட்செயலே என்று கொள்வர். யாம் அங்ஙனங் கொள்ளோம். அரசனுக்கு உவமையாக வந்தவர் ஈன்றோர் என்பதை மறவாது நோக்குதல் வேண்டும். அடிக்குங் கை எவருடையது என்பதிலன்றோ பொருள் கிடக்கின்றது? தெருவிற் செல்வான் ஒருவன் அச்சிறுவனை அதே கோலால் அதே அளவு அடிப்பானாயின் அதனைத் திருத்தம் என்பார் யாவர்? ஈன்றாள் அடித்தவழிச் சிறுவன் அழுதுகொண்டே அவள் மடியில்தான் சென்று விழுவன். அவ்வாறு விழுதற்கு ஒரு மடி உளதாயின் அன்றே அடி மருந்தாகும்?

இதனைச் சொல்லளவில் ஆராய்தலினும் நம் நாட்டில் நிகழ்ந்த ஒரு செய்தியின்மேல் வைத்து ஆராய்தல் நன்று. அச்செய்திக்கும் யாம் வதியும் இராஜபாளையத்திற்கும் தொடர்பு உண்டு. 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை இராச்சியத்தின் அமைச்சரவைக்குத் தலைமை பூண்ட பூ. ச. குமாரசாமி ராஜா இவ்வூரினர். காந்தியடிகள் நெறியிற் பழகியவர். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு ஈந்தவர். அவரது ஆட்சிக் காலத்தில், 1950 ஆம் ஆண்டின் 32 ஆவது சட்டமாக, விலங்கு பறவைப் பலித் தடைச் சட்டம் நிறைவேறிற்று. பொது வழிபாட்டிடங்களிலும் அவற்றின் எல்லைக்குள்ளும், வழிபாட்டை ஒட்டிய ஊர்வலங்களிலும் ஆடு கோழி முதலியவற்றைப் பலியிடலாகாது என்பதும், மீறுவோர்க்குத் தண்டம் உண்டு என்பதும் அதன் சாரம். புலால் உண்டலை அது விலக்கவில்லை. கசாப்புக் கடைகளையும் அது தொட்டிலது.

நோக்கம் நன்றே. கொல்லாமை சைவத்தின் உயிர்நிலை. பேரூர்ச் சாந்தலிங்க சுவாமிகள் கொலைமறுத்தல் என ஒரு நூலே இயற்றியருளினார். ஆயினும் சட்டம் பிறந்த நாள் தொட்டு அரை நூற்றாண்டிற்கும் மேலாகப் பெரும்பாலும் ஏட்டளவில் உறங்கிற்று. 2003 ஆம் ஆண்டிற் செல்வி ஜெயலலிதாவின் அரசு அதனை எழுப்பி, மாவட்ட ஆட்சியரும் காவற்றுறையினரும் அதனைக் கண்டிப்பாய் நடத்துக என ஆணையிட்டது. கிராமக் கோயில்களில் நேர்ந்துவிட்ட கிடாய்கள் நேர்ந்தபடியே நின்றன. குலதெய்வ வழிபாட்டினர் முறையிட்டனர். எதிர்ப்பு நாடெங்கும் எழுந்தது. சில திங்களுள், 2004 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவ்வரசே சட்டத்தை நீக்கிற்று. ஐம்பத்து மூன்று ஆண்டு உறங்கிய சட்டம், விழித்த ஆறு திங்களுக்குள் மாய்ந்தது.

இது தேர்தல் அச்சத்தால் நேர்ந்தது என்பர் ஒரு சாரார்; மேலோர் வழக்கத்தைக் கீழோர் மேற் சுமத்தியமையால் நேர்ந்தது என்பர் மற்றொரு சாரார். இரண்டினும் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இவ்விரண்டும் சட்டம் ஏன் நீங்கிற்று என்பதற்கே விடையாம். ஐம்பத்து மூன்று ஆண்டு அஃது ஏன் ஒருவர் உள்ளத்தையும் திருத்தவில்லை என்பதற்கு விடையாகா. யாம் ஆராய விழைவது பின்னதனையே.

சட்டம் இயற்றினோர் கிடாய் வெட்டுவானை எத்தகையோனாகக் கருதினர்? கொடியன் என்றோ, அறிவிலி என்றோ கருதினர் என்க. கொடியனைத் தண்டம் தடுக்கும். அறிவிலியை அறிவிப்புப் பலகை தெருட்டும். உண்மையில் அவன் இவ்விருவருள் ஒருவனும் அல்லன். அவன் கடனாளி.

இவ்வட்டாரத்து வழக்கத்தை அறியாத மடத்து அன்பர்கள் பொருட்டுச் சிறிது விரித்துரைப்பாம். மாசித் திங்கள் மகாசிவராத்திரி இரவில் திருவில்லிபுத்தூர் மடவார்வளாகத்து வைத்தியநாதர் சந்நிதியில் நான்கு சாமப் பூசை நிகழும். அதே இரவில் நூலாலைத் தொழிலாளரும் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்வாரும் கூலியாட்களும் கடைக்காரரும் குடும்பத்தோடு புறப்பட்டுத் தத்தம் குலதெய்வக் கோயிலை நாடிச் செல்வர். அது பெரும்பாலும் ஊருக்குப் புறத்தே, கண்மாய்க் கரையிலோ காட்டோரத்திலோ இருக்கும். அவர்களுள் ஒருத்தி மகவு காய்ச்சலிற் கிடந்த இரவில், அது பிழைத்தால் கருப்பசாமிக்கு ஒரு கிடாய் என்று நேர்ந்திருப்பாள். மகவு பிழைத்தது. அன்று முதல் அக்கிடாய் அவளுடையதன்று. ஓராண்டோ ஈராண்டோ குழை ஒடித்துப் போட்டு வளர்ப்பாள். அவள் மக்கள் அதனோடு விளையாடுவர். அதனை விற்கவும் மாட்டாள், பிறர் அடிக்கவும் பொறாள். வெட்டும் நாளில் அதன்மேல் நீர் தெளித்து, அஃது உடலைச் சிலிர்க்குமளவும் யாவரும் காத்து நிற்பர். சிலிர்த்தாலன்றி வெட்டுதல் இல்லை. சிலிர்த்தல் உடன்பாடு என்பது அவர்தம் கொள்கை.

அக்காத்திருத்தலை அறிஞர்கள் ஊன்றி நோக்குக. ஈரம் பட்ட விலங்கு சிலிர்ப்பது இயல்பே; அஃது உடன்பாடாகாது என்பதை யாமும் அறிவோம். ஆயின் உடன்பாடு வேண்டும் என்று அவர்க்குத் தோன்றியது எதனால்? தன் கடனுக்குப் பிறிதோர் உயிரைக் கொடுத்தல் தகுமோ என்னும் ஐயம் அவர் உள்ளத்தே உறங்காது கிடத்தலாலன்றோ? கொல்லாமை என்னும் வித்து அங்கே முன்னரே விழுந்துள்ளது. சட்டம் அவ்வித்தைக் கண்டிலது, வெட்டரிவாளையே கண்டது. தடை வந்தபோது அத்தாய்க்கு நேர்ந்தது யாது? கடன் தீரவில்லை, அடைக்கும் வழி ஒன்றே அடைபட்டது. மறு காய்ச்சல் வருமாயின், கடன் நின்றமையால் வந்தது என்றே அவள் நடுங்குவாள். அவ்வச்சத்தைப் போக்கச் சட்டத்தினிடம் ஒரு சொல்லும் இல்லை. அபராதத்தினும் கருப்பசாமியின் சினம் பெரிதென்று அவள் கொண்டது, அவள் நின்ற நிலையில் நேர்மையான கணக்கேயாம்.

அற்றேல், அறியாமையின்பாற்பட்ட அச்சத்திற்கு அரசும் சைவரும் இணங்குதல் வேண்டுமோ எனின், வேண்டா. இணங்குதல் வேறு, அறிந்துகோடல் வேறு. இவ்வேறுபாட்டைச் சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்திற் காட்டியருளினார். காளத்தி மலையில் நாள்தோறும் திருமேனியின்மீது ஊன் கிடக்கக் கண்ட சிவகோசரியார் பதைத்தார். விலக்கித் தூய்மை செய்தார். மறுநாளும் அதுவே கண்டார். அவர் கண்டது செயலின் எச்சத்தை மட்டுமே. அவர் முறையிட்டபோது இறைவன் கனவிற் றோன்றி, நாளை மறைந்திருந்து காண் எனப் பணித்தருளினான். ஆறாம் நாள் மறைந்து நின்று கண்டபின்னரே, அவ்வூன் எத்தகைய அன்பினின்று வந்தது என அவர் அறிந்தார். ஒறுத்தற்கு முன் மறைந்து நின்று காண்டல் என்பதை ஆட்சி புரிவார் முதற் கடமையாகக் கொள்ளத்தகும். (கண்ணப்பரை உயிர்ப்பலிக்குச் சான்றாகக் காட்டுவார் சிலர் உளர். அது பொருந்தாது. அவர் ஒன்று பெற்று அதற்கு ஈடாக ஒன்று கொடுத்தவர் அல்லர். இறுதியிற் கொடுத்ததும் தம் கண்ணையே.)

குலதெய்வ வழிபாட்டினரைச் சைவத்தின் புறத்தே நிறுத்தி நோக்குவார்க்கும் சித்தியாரே விடை கூறும். எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அவ்வழிபாட்டை ஏற்றருள்வான் அம்மையப்பனே என்பது அந்நூலின் துணிபு. ஆகலின் கண்மாய்க் கரையிற் கருப்பனை வணங்குவாளும் அப்பேரேணியின் ஒரு படிக்கண்ணே நிற்கின்றாள். படியில் நிற்பாரை மேலேற்றும் வழி, அவர் நிற்கும் படியை இடித்தல் அன்று.

இனி, மறக்கருணையின் இயல்பை நோக்குவாம். சமணத்திற் புகுந்த மருணீக்கியாரை மீட்கத் திருவுளங்கொண்ட இறைவன் சூலைநோயை ஏவினான். அது தண்டமே. ஆனால் அந்நோய் மட்டும் வந்திருப்பின் என்னாகியிருக்கும்? சமணர்தம் மருந்தும் மந்திரமுமே புகலாய் முடிந்திருக்கும். நோய் ஒரு கையாயின், திருவதிகையில் விளக்கிட்டும் அலகிட்டும் தம்பியின் வரவு நோக்கியிருந்த திலகவதியார் மற்றொரு கை. திருநீறு ஏந்திய அக்கை அங்கே இருந்தமையாற்றான் சூலை கருணையாயிற்று. 1950 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டு ஆணையும் திலகவதியார் இல்லாத சூலை என்பது எம் கருத்து. அரசு நோயை ஏவிற்று. நீறேந்தி வாயிலில் நிற்றற்குரியார் நம் சைவ உலகத்தார். அவர் அங்கே நின்றிலர். தடையை வரவேற்றுத் தீர்மானம் இயற்றுதல் எளிது. ஒரு கிராமக் கோயிற் பூசாரியின் திண்ணையில் ஓரிரவு அமர்ந்து பேசுதல் அத்துணை எளிதன்று.

ஈண்டு ஒரு தடை எழும். பக்குவம் வருந்துணையும் காத்திருத்தல் வேண்டுமாயின், ஆலயப் பிரவேசச் சட்டமும் காத்திருந்திருத்தல் வேண்டுமன்றோ? 1939 சூலை 8 ஆம் நாள் மதுரை வைத்தியநாதையர் ஒடுக்கப்பட்ட மக்களை மீனாட்சியம்மை சந்நிதிக்கு அழைத்துச் சென்றபோது வழி மறித்தாரின் உள்ளம் பக்குவப்பட்டிருந்ததோ? அவ்வாண்டே பிறந்த சட்டமும், 1947 ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை நோக்கி நின்றனவோ? இத்தடை வலியது, ஒதுக்கத்தக்கதன்று. பக்குவம் என்பது செய்வான் பொருட்டுப் பேசப்படுவது. துன்புறுவான் பொருட்டு அன்று. பிறன் ஒருவன் இறைவனை அணுகும் வழியை மறிப்பானது பக்குவத்தை எதிர்நோக்கி, மறிக்கப்பட்டான் வெயிலில் நிற்றல் வேண்டும் என்பது அறமாகாது. அங்கே அரசு கதவைத் திறந்ததே தகுதி.

அங்ஙனமாயின் கிடாயும் துன்புறும் உயிரன்றோ என்று வினவுவாரும் உளர். ஆம், அதுவும் பசு என்னும் சொல்லுக்குரிய உயிரே. நம்மைப்போல் வினைக்கீடாக ஓர் உடலிற் புக்கது. அதன் பொருட்டு ஒரு சட்டம் வருமாயின் அதனை எதிர்த்தற்கு எம்பால் ஒரு நியாயமும் இல்லை. ஆயின் மேற்கூறிய சட்டம் கிடாயின் பொருட்டு வந்ததோ? கோயில் வாயிலில் வெட்டினாற் குற்றம். அடுத்த தெருவிற் கசாப்புக் கடையில் வெட்டினால் வாணிகம். ஆட்டிற்கு இவ்விரண்டனுள் வேற்றுமை யாது? ஈராண்டு பெயரிட்டு வளர்த்தாள் தடுக்கப்பட, பொழுதுக்கு நூறு வெட்டுவான் உரிமச் சீட்டொடு வீற்றிருப்பானாயின், சட்டம் காத்தது காண்பார் கண்ணையே, கிடாயின் கழுத்தையன்று. 1960 ஆம் ஆண்டு மத்திய அரசு இயற்றிய விலங்கு வதைத் தடுப்புச் சட்டமோ, சமய முறைப்படி கொல்லுதலை வெளிப்படையாகவே விலக்கி நிறுத்திற்று. அது நேர்மை மிக்கதா, இரக்கம் குறைந்ததா என்பதை அறிஞர்கள் ஆராய்க.

ஆணையிடுவானது நிலையும் இங்குக் கருதத்தக்கது. 1937 இற் சேலத்திற் றொடங்கி 1948 இல் மாகாண முழுதும் பரவிய மதுவிலக்கு 1971 இல் தளர்ந்து, மீண்டும் இறுகி, மீண்டும் தளர்ந்தது. கிடாய் வெட்டைத் தடுத்த அதே 2003 ஆம் ஆண்டில், மதுவின் சில்லறை வாணிகத்தை அரசே தன் கையில் ஏற்றுக்கொண்டது. ஒரு கையால் ஏழையின் நேர்த்திக்கடனைத் தடுத்து, மறுகையால் அவன் கூலியை மதுக்கடையில் வாங்கும் ஒன்றை ஈன்றோர்க்கு ஒப்பிடுதல் எங்ஙனம் இயலும்? சித்தியார் அரசனது தண்டத்தை அருள்வழி என்றது, அவன் அவ்வழியில் நிற்கும்போது மட்டுமே என்க.

மேனாட்டார் மாந்தர் நடத்தையை அறிந்து ஆட்சி செய்தலை இப்போது ஒரு கல்வியாகவே வளர்த்துவருகின்றனர். ரிச்சர்டு தேலர், காஸ் சன்ஸ்டீன் என்னும் இருவர் 2008 இல் இது குறித்து நூல் வெளியிட்டனர். பிரிட்டிஷ் அரசு 2010 இல் இதற்கெனத் தனிக் குழு அமைத்தது. தேலருக்கு 2017 இற் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் இந்திய அரசின் 2018–19 ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கையும் இதற்கென ஓர் இயல் வகுத்தது. தடையும் தண்டமும் இன்றி, நல்லது எளிதாகவும் தீயது அரிதாகவும் அமையுமாறு வழியைச் சீர்செய்து மக்களை மெல்ல உந்துதல் அவர்தம் முறை. ஊழியர்தம் முதுமைக்கான சேமிப்பில், வேண்டாமென எழுதிக் கொடுத்தாரன்றி ஏனையோரெல்லாம் தாமே சேர்ந்தவராகக் கொள்ளப்படுமாறு செய்தல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

உந்தப்படுவான் அறியாமல் உந்துதல் வஞ்சனை என்று இதனைப் பழிப்பார் மேனாட்டிலேயே உளர். சித்தாந்திகளாகிய நாம் அங்ஙனம் எளிதிற் பழித்தல் இயலாது. என்னை? திரோதான சத்தி தன்னை மறைத்து நின்றே உயிர்களை வினைப்பயன் நுகர்வித்து நடத்துகின்றது அன்றோ? ஆயினும் ஒரு பெரு வேற்றுமை உண்டு. மறைத்தற்றொழில் மலபரிபாகத்தின் பொருட்டு. பரிபாகம் எய்தியவழி அச்சத்தியே அருட்சத்தியாய்த் தன்னைக் காட்டும். மறைப்புக்கு ஒரு முடிவு உண்டு, அம்முடிவு அறிவு. அரசின் மெல்லிய உந்துதலுக்கு அத்தகைய முடிவு வகுக்கப்பட்டதாக யாம் கண்டிலோம். அது நடத்தையைப் பெற்றவுடன் நிறைவடைகின்றது. நடந்தவன் ஏன் நடந்தான் என்பதை என்றும் அறியாதிருப்பினும் அதற்குக் குறையில்லை. அங்ஙனம் நடத்தப்பட்டவன் தூண்டுதல் நீங்கிய அன்றே பழைய இடத்திற்கு மீள்வான்.

நம் முன்னோர் கையாண்ட வழி இவ்விரண்டினும் வேறு. நீற்றுப்பூசணியை அரிந்து குங்குமம் தடவி வைத்தலும், எலுமிச்சங்கனி அரிந்து செந்நிறம் ஊட்டுதலும் எளிய மாற்றுகளாகவே தோன்றும். ஆனால் அவற்றுள் ஒரு நுட்பம் உண்டு. கடன் பட்டாளைக் கடன் இல்லை என்று அவை ஏய்க்கவில்லை. கடன் உண்டு, அடைக்கலாம், அடைத்தாயிற்று என்று கூறின. நேர்ந்தவள் வெறுங் கையோடு திரும்பவில்லை. ஒரு தலைமுறை பூசணி அரிந்தது. அடுத்த தலைமுறைக்கு ஆடு நினைவிலேயே இல்லை. இத்தகைய மாற்றத்தை அரசு ஆணையால் விதிக்க முடியாது. அத்தெய்வத்தின் பெயரால் ஏற்கின்றோம் என்று சொல்லும் வாய் ஒன்று வேண்டும். அவ்வாய் பூசாரியுடையது, சாமியாடியுடையது. அவர்பாற் சென்று பேசி, அவரே அதனைத் தம் வாக்காகச் சொல்லும்வரை பழகுதல் மடங்களுக்கு இயலும்; ஆட்சியர் அலுவலகத்துக்கு இயலாது.

சென்ற நூற்றாண்டிற்கு முந்தைய நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் உயிர்ப்பலியைக் கண்டித்துப் பிரசங்கித்தார், எழுதினார். இராமலிங்க அடிகளும் அதனைக் கண்டித்தார். 1867 இல் வடலூரில் தருமசாலை அடுப்பையும் மூட்டினார். அருட்பா மருட்பா வழக்கை ஈண்டுக் கிளறுதல் எம் கருத்தன்று. நாவலர் பிறந்த யாழ்ப்பாணத்தில் 2017 ஆம் ஆண்டிலும் உயர் நீதிமன்றம் கோயிற் பலியைத் தடை செய்ய வேண்டியிருந்தது என்பதையும், வடலூர் அடுப்பு இன்றும் அவியவில்லை என்பதையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுதலே எம்மால் இயன்றது.

பலித் தடைச் சட்டம் மீண்டும் வரல் வேண்டும் என்று நம் சபைகளில் அவ்வப்போது குரல் எழுகின்றது. யாம் அதற்கு உடன்படோம். அதற்குச் செலவிடும் முயற்சியை வரும் மாசிச் சிவராத்திரிக்கு முன்னர் ஒவ்வொரு மடமும் பத்துப் பூசாரிகளை அறிந்துகொள்வதிற் செலவிடுமாயின், அடுத்த மாசிக்குள் ஒரு கோயிலிலேனும் பூசணி அரியப்படலாம். கிடாயை வெட்டாமல் உயிரோடு கோயிலுக்கு விட்டுவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அது நல்லதொரு படி. ஆனால் அங்ஙனம் விடப்பட்ட ஆடுகள் பின்னர் ஏலத்திற்கு வருகின்றன. ஏலம் எடுப்பாருட் பலர் கசாப்புக் கடைக்காரர். அவற்றை வாங்கி மேய்த்து முதுமை வரை காப்பதற்கு ஆகும் செலவு பெரிதன்று. இதுவரை அதனை ஏற்க முன்வந்த சைவ சபை ஒன்றையும் யாம் அறிந்திலோம்.